'ஒன் மோர்!': கோபக்கார இயக்குநர்கள் பற்றி வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் ஒரு வாசகர், "மேதைகளுக்குக் கோபம் வருவது சகஜம்தானே?" என்று கேட்டிருந்தார். "கோபம் வருவதற்கு மேதையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த வரிக்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், பாதிப் பேர் சண்டைக்கு நிற்கிறார்கள், மீதிப் பேர் சினிமாவில் சேரத் துடிக்கிறார்கள். சரி, இந்த இதழ் முழுக்க இயக்குநர்கள் சமாச்சாரம்தான். மற்ற கேள்விகள் அடுத்த முறை.

கேள்வி: கத்துகிற, அடிக்கிற, அழவைக்கிற இயக்குநர்களின் படங்கள்தானே காலத்தைத் தாண்டி நிற்கின்றன? அப்படியானால் அந்தக் கொடுமையில் ஏதோ விஷயம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

நின்ற படங்களை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். தொண்டை கிழியக் கத்தி, யூனிட்டையே அழவைத்து, கடைசியில் நாலாம் நாள் தியேட்டரை விட்டு ஓடிய படங்களின் இயக்குநர்களைப் பற்றி யார் ஆவணப்படம் எடுக்கிறார்கள்? அவர்கள் பட்டியலை யாரும் எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

எழுதி வைத்த ஒன்றிரண்டில் முக்கியமானது மைக்கேல் சிமினோவின் கதை. 'தி டீர் ஹன்டர்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய கையோடு 'ஹெவன்ஸ் கேட்' எடுக்கப் போனார். செட்டில் ஒரு முழுத் தெருவையே கட்டி முடித்திருந்தார்கள். வந்து பார்த்தவர், தெரு குறுகலாக இருக்கிறது, 6 அடி அகலப்படுத்துங்கள் என்றார். ஒரு பக்கத்தை மட்டும் இடித்து 6 அடி தள்ளிக் கட்டலாமே என்று செட் போட்டவர்கள் கேட்டார்கள். முடியாது, இரண்டு பக்கமும் இடித்து இரண்டு பக்கமும் 3 அடி தள்ள வேண்டும் என்று பிடிவாதம். ஒரு கோடி டாலர் சொச்சத்தில் முடிய வேண்டிய படம் 4 கோடியே 40 லட்சம் டாலரில் போய் நின்றது. 1980-இல் வெளியாகிப் படுத்தது, அடுத்த வருடமே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் கைமாறியது. சாப்ளின் உள்பட நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி அது.

இதில் இரண்டு விஷயங்களை நாம் எப்போதும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வேலையில் கறாராக இருப்பது ஒன்று, மனிதர்களை வதைப்பது இன்னொன்று. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம். படம் நன்றாக வந்தால் அந்தப் பெருமை முதலாவதுக்குப் போக வேண்டும், நாம் தூக்கி இரண்டாவதன் கழுத்தில் மாலையாகப் போடுகிறோம்.

கேள்வி: ஒரே காட்சியை அதிகமான டேக் எடுத்து நடிகர்களைப் பாடாய்ப்படுத்தியது யார்? ஸ்டான்லி குப்ரிக்தானே?

குப்ரிக் பெயர்தான் எல்லோருக்கும் முதலில் வரும். ஆனால் நம் சிரிப்பு மன்னர் சாப்ளின் அவருக்கு அண்ணன். 1931-இல் வந்த 'சிட்டி லைட்ஸ்' படத்தில், பார்வையற்ற பூக்காரப் பெண் தெருவில் நாடோடியைச் சந்திக்கும் காட்சிக்கு 342 டேக் போனதாக கின்னஸ் கணக்கு. ஊமைப்படம், அந்தப் பெண் 'பூ வேண்டுமா ஐயா' என்று உதட்டை அசைக்க வேண்டும், அவ்வளவுதான்! விர்ஜினியா செரில் என்ற அந்த நடிகை புதுமுகம். பூவை நீட்டுகிற விதம் பிடிக்கவில்லை, உதட்டசைவின் தாளம் பிடிக்கவில்லை என்று சாப்ளின் எடுத்துக்கொண்டே இருந்தார். நடுவில் அவரை வேலையை விட்டே நீக்கிவிட்டு வேறு நடிகையை வைத்து முயன்று பார்த்தார். அதுவும் சரிவராமல் மறுபடி செரிலையே கூப்பிட, அந்தப் பெண் சம்பளத்தை உயர்த்திக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார். கெட்டிக்காரி.

உண்மையான சிக்கல் அந்தப் பெண்ணிடம் இல்லை. கிழிந்த கோட்டு போட்ட நாடோடியைப் பார்வையற்ற பெண் எப்படிப் பணக்காரன் என்று நினைப்பாள் என்பதற்குச் சாப்ளினிடமே விடை இல்லை. கடைசியில் கிடைத்தது: நெரிசலில் நிற்கும் ஒரு காருக்குள் புகுந்து அந்தப் பக்கக் கதவு வழியாக நாடோடி இறங்குகிறான், கதவு அறைந்து சாத்தப்படும் ஓசை அவள் காதில் விழுகிறது, காரிலிருந்து இறங்கியவர் என்றால் பணக்காரர்தான். பேச்சே இல்லாத படத்தில் ஒரு சத்தத்தை வைத்துக் கதையின் முடிச்சையே போட்டுவிட்டார். அபாரமான யோசனை. ஆனால் அந்த யோசனை வருகிற வரை மனிதர் தன் குழப்பத்துக்கெல்லாம் ஒரு புதுமுகத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

எத்தனை டேக் என்கிற எண்ணை வைத்து ஒருவரைக் கொடுமைக்காரர் என்று முடிவு கட்ட முடியாது என்பதும் என் கட்சி. டேவிட் ஃபின்ச்சர் 'தி சோஷியல் நெட்வொர்க்' (2010) படத்தின் முதல் காட்சியை, இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து பேசிப் பிரிகிற அந்தக் காட்சியை, 99 டேக் எடுத்தார். நடிகர் தான் 'நடிக்கிறோம்' என்பதையே மறந்து அலுத்துப்போய்ப் பேச ஆரம்பிக்கிற இடம்தான் அவருக்கு வேண்டும். ஃபிலிம் ரோல் ஓடிய காலத்தில் ஒவ்வொரு டேக்குக்கும் தயாரிப்பாளர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், டிஜிட்டலில் அந்த பயம் போய்விட்டது.

கேள்வி: வில்லியம் வைலர் என்ற இயக்குநர் நடிகர்களிடம் எதுவுமே சொல்லித்தர மாட்டாராமே, 'இன்னொரு தடவை' என்பதைத் தவிர?

சரியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். 'ஜெஸபெல்' (1938) படத்தில் பெட்டி டேவிஸ் குதிரையிலிருந்து இறங்கி, கையிலிருக்கும் சவுக்கால் பாவாடையின் தொங்கலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடக்க வேண்டும். 40-க்கும் மேல் டேக். என்ன தப்பு என்று கேட்டால் சொல்ல மாட்டார். கொதித்துப்போன டேவிஸிடம், வா, ரஷ் (எடுத்தபடியே இருக்கும், வெட்டி ஒட்டாத காட்சிகள்) பார் என்று கூட்டிப்போய்ப் போட்டுக் காட்டினார். பார்த்தவருக்குத் தெரிந்தது: முதல் டேக்குகளில் ஒரு நடிகை பாவாடையைத் தூக்குகிறாள், பின்னால் வந்த டேக்கில் ஒரு திமிர் பிடித்த பணக்காரப் பெண் தன் வீட்டுக்குள் போகிறாள். அந்தப் படத்துக்கு டேவிஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது, அதற்கப்புறமும் வைலரோடு இரண்டு படம் செய்தார்.

'பென்-ஹர்' (1959) சமயத்தில் சார்ல்டன் ஹெஸ்டனைக் கூப்பிட்டு, இன்னும் நன்றாக நடிக்க வேண்டும் என்றாராம். எப்படி என்று கேட்டதற்கு, அது தெரிந்தால் சொல்லமாட்டேனா என்கிற மாதிரி ஒரு பதில். ஹெஸ்டனுக்கும் ஆஸ்கர். மொத்தம் 14 நடிப்பு ஆஸ்கர்கள் வைலரின் படங்களில் விழுந்திருக்கின்றன, இதுவரை அதை யாரும் எட்டவில்லை. நடிகர்கள் சபித்தார்கள், அப்புறம் திரும்பியும் வந்தார்கள். ஒரு இயக்குநரைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு இந்த 'திரும்பி வந்தார்களா' என்கிற கேள்வி போதும்.

கேள்வி: 'தி ஷைனிங்' நாயகி ஷெல்லி டுவாலை குப்ரிக் சித்திரவதை செய்தார் என்பது உண்மையா, யூடியூப் கட்டுக்கதையா?

பாதிக் கதை படமாகவே பதிவாகியிருக்கிறது. குப்ரிக்கின் மகள் விவியன், டீன் ஏஜ் பெண், அந்த செட்டில் கேமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றி ஒரு சின்ன ஆவணப்படம் எடுத்தாள். அதில் பனி கொட்டுகிற காட்சியில் டுவால் கதவைத் திறக்கத் தாமதிக்க, குப்ரிக் எல்லோர் முன்னாலும் திட்டுவது அப்படியே இருக்கிறது. தலைமுடி கொத்தாகக் கொட்டுவதை டுவால் காட்டுகிறார், சுற்றியிருப்பவர்களிடம் இவளுக்குப் பரிதாபப்படாதீர்கள் என்கிறார் குப்ரிக். பேஸ்பால் மட்டையை வீசிக்கொண்டே மாடிப்படியில் பின்னோக்கி ஏறும் காட்சிக்கு 127 டேக் என்று ஒரு எண் உலவுகிறது, அதில் சண்டை உண்டு. ஆனால் மாதக்கணக்கில் ஒவ்வொரு நாளும் மணிக்கணக்காக அழுதேன் என்று டுவாலே பேட்டி கொடுத்திருக்கிறார். நிறையக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னவரும் அவர்தான். இரண்டும் நிஜமாக இருக்கலாம்.

எனக்கு உறுத்துவது வேறு. அதே ஆவணப்படத்தில் கணவனாக நடித்த ஜாக் நிகல்சனும் வருகிறார். அவரிடம் குப்ரிக் சிரித்துப் பேசுகிறார், ஜோக் அடிக்கிறார். நிகல்சன் அப்போதே ஆஸ்கர் வாங்கிய பெரிய நட்சத்திரம். 'பயந்துபோன மனைவி வேண்டும், அதனால் அவளை பயமுறுத்தினேன்' என்பது வாதம் என்றால், பைத்தியம் பிடிக்கிற கணவன் வேண்டும் என்பதற்காக நிகல்சனுக்கு என்ன செய்தார்? நடிப்பார் என்று நம்பி விட்டார். டுவாலும் நடிகைதானே ஐயா, ராபர்ட் ஆல்ட்மன் படத்துக்காக பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கிவிட்டு வந்தவர்!

இன்னொரு கொடுமை, மோசமான நடிப்புக்குக் கேலி விருது கொடுக்கிற ராஸி ஆட்கள், தங்கள் முதல் வருடத்திலேயே டுவாலை அதற்குப் பரிந்துரைத்தார்கள். 2022-இல்தான், செட்டில் அவர் பட்டதை எல்லாம் யோசித்து, அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றார்கள். 41 வருடம் கழித்து. 2024-இல் டுவால் காலமானார்.

கேள்வி: நடிகர்களை மாடு மாதிரி நடத்த வேண்டும் என்று சொன்ன இயக்குநர் யார்? அவருக்கு யாரும் பதிலடி கொடுக்கவில்லையா?

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். கொடுத்தவர் கரோல் லொம்பார்ட். 1941-இல் வந்த ஒரு நகைச்சுவைப் படத்தின் முதல் நாள் ஷூட்டிங்குக்கு ஹிட்ச்காக் வருகிறார், செட்டில் ஒரு சின்னப் பட்டி அடைத்து மூன்று கன்றுக்குட்டிகள் நிற்கின்றன, ஒவ்வொன்றின் கழுத்திலும் அந்தப் படத்தின் மூன்று நடிகர்களின் பெயர். லொம்பார்ட் அன்றைக்கு உச்ச நட்சத்திரம், அந்தப் படம் நடந்ததே அவரால். ஹிட்ச்காக்கும் சிரித்தார்.

20 வருடம் கழித்து 'தி பேர்ட்ஸ்' படத்துக்குப் போவோம். டிப்பி ஹெட்ரன், மாடல் பெண், முதல் படம், ஹிட்ச்காக்கோடு நேரடி ஒப்பந்தம். மாடி அறையில் பறவைகள் தாக்கும் காட்சிக்கு இயந்திரப் பறவைகள் என்று சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் கனத்த கையுறை போட்ட ஆட்கள் பெட்டிகளில் நிஜப் பறவைகளோடு நிற்கிறார்கள். ஐந்து நாள் அவற்றை அவர் மேல் எறிந்தார்கள். கடைசியில் பறவைகளைத் துணியோடு சேர்த்துக் கட்டிவிட்டதில் ஒன்று கண்ணுக்குப் பக்கத்தில் கீறிவிட, அவர் நடுத்தரையில் உட்கார்ந்து அழுதார். ஒரு வாரம் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்ல வேண்டியதாயிற்று. ஹிட்ச்காக் தன்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதாகவும், மறுத்ததால் தன் தொழிலையே முடக்கியதாகவும் 2016-இல் தன் சுயசரிதையில் ஹெட்ரன் எழுதினார்.

லொம்பார்டுக்குச் சிரிப்பு, ஹெட்ரனுக்குப் பறவை. இதைத்தான் மேலே நிகல்சன்-டுவால் விஷயத்திலும் சொன்னேன்: கோபம் யார் மேல் விழுகிறது, யார் மேல் விழாமல் கவனமாகத் தள்ளிப் போகிறது என்று பாருங்கள். ஆளைப் பார்த்து வருகிற கோபத்துக்குக் கலை என்று பெயர் வைப்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை.

கேள்வி: ஜேம்ஸ் கேமரூனோடு இனி ஜென்மத்துக்கும் வேலை செய்ய மாட்டேன் என்ற கேட் வின்ஸ்லெட் எப்படி 'அவதார்' இரண்டாம் பாகத்தில் வந்தார்?

'நிறையப் பணம் கொடுத்தால் ஒழிய' என்று ஒரு வாலையும் சேர்த்துத்தான் 1997-லேயே சொன்னார். நடிகைக்குத் தொலைநோக்கு இருந்திருக்கிறது! மனிதர் இப்போது ரொம்ப சாந்தமாகிவிட்டார் என்றும் சமீபத்திய பேட்டிகளில் சொல்கிறார். 'டைட்டானிக்'கில் தண்ணீரில் மூழ்கிப்போகப் பார்த்தவர், 2022-இல் வந்த அந்தப் படத்துக்காக 7 நிமிடத்துக்கும் மேல் மூச்சடக்கினார்.

'டைட்டானிக்' பரவாயில்லை. 1989-இல் வந்த 'தி அபிஸ்'தான் உச்சம். கட்டி முடிக்காமல் கைவிட்ட ஒரு அணுமின் நிலையத்துக்குள் பல லட்சம் கேலன் தண்ணீரை நிரப்பி வாரக்கணக்கில் எடுத்தார்கள். நாயகியை மூச்சுப்பேச்சின்றிக் கிடத்தி, நாயகன் நெஞ்சை அமுக்கியும் கன்னத்தில் அறைந்தும் உயிர் மீட்கிற காட்சி. மேரி எலிசபெத் மாஸ்ட்ரன்டோனியோ ஈரத் தரையில் அரைகுறை ஆடையோடு கிடக்கிறார், டேக் மேல் டேக். ஒரு டேக் பிரமாதமாகப் போய்க்கொண்டிருக்கும்போது கேமராவில் ஃபிலிம் தீர்ந்துவிட்டது. நாங்கள் மிருகங்கள் இல்லை என்று கத்திவிட்டு எழுந்து போய்விட்டார். மிச்சக் காட்சியை எட் ஹாரிஸ் ஆளில்லாத வெறுந்தரையைப் பார்த்து நடித்துக் கொடுத்தார். அந்தப் படத்தைப் பற்றி வாய் திறக்கவே மாட்டேன் என்று ரொம்ப காலம் இருந்தார் ஹாரிஸ்.

கேமரூன் பக்கம் ஒரு நியாயம் உண்டு, சொல்லிவிடுகிறேன். அதே தொட்டியில் மூச்சுக்காற்று தீர்ந்து அவரும் சாகப் பார்த்தார். தான் இறங்காத தண்ணீரில் அடுத்தவரை இறக்குகிற ஆள் இல்லை.

கேள்வி: நடிகரிடம் உண்மையான அதிர்ச்சி வேண்டும் என்பதற்காக அவரை ஏமாற்றுவது சரியா?

என்ன மாதிரி ஏமாற்று என்பதைப் பொறுத்தது. 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964) படத்தில் ஜார்ஜ் சி. ஸ்காட்டுக்கு அடக்கி வாசிக்க ஆசை. குப்ரிக், சும்மா உடம்பு சூடாவதற்கு ஒரு தடவை கோமாளித்தனமாகச் செய்யுங்கள், அதைப் படத்தில் வைக்க மாட்டேன் என்றார். வைத்தார், அதை மட்டும்தான் வைத்தார். ஸ்காட்டுக்குக் கொலைவெறி, இனி உன் படத்தில் இல்லை என்றார். நம்பிக்கை மோசடிதான், யாருக்கும் எலும்பு உடையவில்லை.

'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) எடுத்த வில்லியம் ஃபிரெட்கின் கணக்கு வேறு. திடுக்கிட வைக்க செட்டில் துப்பாக்கியால் சுட்டார். பாதிரியாராக நடித்த நிஜப் பாதிரியார் ஒருவரைக் கன்னத்தில் பளீரென்று அறைந்துவிட்டு உடனே கேமராவை ஓடவிட்டார், படத்தில் அந்தக் கை நடுக்கம் அசல். எல்லன் பர்ஸ்டினின் இடுப்பில் கயிறு கட்டிப் பின்னால் இழுக்கிற காட்சியில், ரொம்ப பலமாக இழுக்கிறார்கள் என்று அவர் முன்கூட்டியே சொல்லியும் கேட்கவில்லை. விழுந்து முதுகெலும்பின் அடிப்பகுதியில் அடி. நீங்கள் தியேட்டரில் கேட்ட அலறல் அதுதான். நடிகை நடித்திருந்தால் அந்த அலறல் வந்திருக்காதா? பர்ஸ்டின் அடுத்த வருடமே வந்த வேறொரு படத்துக்காக, யாரும் கயிறு கட்டி இழுக்காமலே, ஆஸ்கர் வாங்கினார்.

கேள்வி: கத்தாமல், திட்டாமல் கஷ்டம் கொடுக்கும் இயக்குநர் உண்டா?

டெரன்ஸ் மாலிக். பரம சாது, அதிர்ந்து பேச மாட்டார் என்பார்கள். 'தி தின் ரெட் லைன்' (1998) படத்தில் ஏட்ரியன் பிராடிதான் முக்கியப் பாத்திரம், மூல நாவலில் அப்படி, திரைக்கதையிலும் அப்படி. மாதக்கணக்கில் நடித்தார், விளம்பரத்துக்குப் பேட்டியெல்லாம் கொடுத்தார். படத்தைப் போட்டுப் பார்த்தால் வசனம் விரல் விட்டு எண்ணலாம். எடிட்டிங்கில் மாலிக்குக் கதை வேறு பக்கம் போய்விட்டது. ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்.

ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வை இன்னொரு ரகம். திரைக்கதைப் புத்தகம் என்று ஒன்று இருக்காது, நடிகருக்கு அன்றைக்கு என்ன காட்சி என்பது அன்றைக்குத்தான் தெரியும். '2046' படத்தின் பிரின்ட் 2004-ஆம் ஆண்டு கான் விழாவுக்கே நேரத்தில் வந்து சேரவில்லை, திரையிடலைத் தள்ளிப்போட்டார்கள். டோனி லியூங் மாதிரி நடிகர்கள் மறுபடி மறுபடி அவரிடம் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: உயிரே போன சம்பவம் உண்டா?

உண்டு. 1982 ஜூலையில் 'ட்வைலைட் ஜோன்' படத்துக்காக நடுராத்திரி தாண்டி வியட்நாம் போர்க் காட்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாழப் பறந்த ஹெலிகாப்டர் வெடிமருந்து வெடித்ததில் நிலைகுலைந்து விழுந்தது. அதில் சிக்கி விக் மாரோ என்ற நடிகரும் அவர் தூக்கி வந்த இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். ராத்திரி நேரத்தில், வெடிகளுக்குப் பக்கத்தில் குழந்தைகளை வைத்து எடுக்க கலிஃபோர்னியாவில் அனுமதி கிடைக்காது, அதனால் அனுமதியே கேட்காமல் கணக்கில் வராத பணம் கொடுத்துக் கூட்டி வந்திருந்தார்கள். இயக்குநர் ஜான் லாண்டிஸ் உள்ளிட்ட ஐந்து பேர் மேல் வழக்கு நடந்து 1987-இல் எல்லோரும் விடுதலை. அப்புறம்தான் ஹாலிவுட்டில் பாதுகாப்பு விதிகளைத் தூசி தட்டி இறுக்கினார்கள்.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 'த்ரோன் ஆஃப் பிளட்' (1957) கடைசிக் காட்சியில் நாயகன் டோஷிரோ மிஃபூனே மேல் நிஜ அம்புகளை விடச் செய்தார் என்பதை ரசித்து ரசித்துச் சொல்கிறோம், மிஃபூனே பிழைத்துக்கொண்டதால் சொல்கிறோம்.

கேள்வி: எப்போதும் இயக்குநரையே திட்டுகிறீர்களே, இயக்குநரைப் படுத்திய நடிகர் இல்லையா?

கிளாவுஸ் கின்ஸ்கி. அமேசான் காட்டில் 'ஃபிட்ஸ்கரால்டோ' (1982) எடுத்தபோது அவர் போட்ட கூச்சலைப் பார்த்துச் சகிக்க முடியாமல், துணை நடிகர்களாக வந்த பழங்குடியினரின் தலைவர் ஒருவர், 'வேண்டுமானால் இவரை நாங்கள் கொன்றுவிடட்டுமா' என்று அக்கறையோடு கேட்டாராம். வேண்டாம், படம் முடியவில்லை என்று இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் தடுத்தாராம். ஹெர்சாக்கே சொல்கிற கதை இது, கதை சொல்வதில் அவர் கெட்டிக்காரர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. 320 டன் கப்பலை நிஜமாகவே மலைச்சரிவில் ஏற்றி இறக்கினார், ஆபத்து என்று எச்சரித்த பொறியாளர் பாதியில் கிளம்பிப் போனார். இத்தனைக்கும் கின்ஸ்கியோடு சேர்ந்து ஐந்து படம் செய்தார் மனிதர். ஜாடிக்கேத்த மூடி.

கேள்வி: பெண் இயக்குநர்களில் இப்படி யாரும் இல்லையா? அவர்கள் எல்லாம் நல்லவர்களா?

இருந்தார்கள், நீடிக்க விடவில்லை. எலைன் மே 'மைக்கி அண்ட் நிக்கி' (1976) படத்துக்கு 14 லட்சம் அடி ஃபிலிம் ஓட்டினார், 'கான் வித் தி விண்ட்' படத்துக்கு ஆனதைப் போல மூன்று மடங்கு கிட்டத்தட்ட. ஒருநாள் இரண்டு நடிகர்களும் காட்சி முடிந்து தெருவைத் தாண்டிப் போயே விட்டார்கள், கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. பொறுக்கமாட்டாமல் கேமராமேன் கட் சொல்லிவிட்டார். நீங்கள் எப்படி கட் சொல்லலாம் என்றார் மே. அவர்கள் போய்விட்டார்களே என்றால், 'திரும்பி வரலாம் இல்லையா?' ஸ்டூடியோவோடு வழக்கு வந்தபோது சில ரீல்களை ஒளித்து வைத்துவிட்டார் என்றும் சொல்வார்கள்.

1987-இல் அவர் இயக்கிய 'இஷ்டார்' தோற்றது. அதோடு சரி, அவருக்கு அடுத்த முழுநீளக் கதைப்படம் இயக்கக் கிடைக்கவே இல்லை. ஒரு கம்பெனியையே கவிழ்த்த சிமினோவுக்கு அப்புறமும் நாலு படம் கிடைத்தது. 'கஷ்டமான ஆள், ஆனால் மேதை' என்ற பட்டம் ரொம்ப நாளாக ஆண்களுக்கு மட்டும்தான் அச்சடிக்கப்பட்டது.

கேள்வி: ஹாலிவுட்டைத் தாண்டி நம் பக்கம் வர பயமா?

பயமில்லை, வருகிறேன். கே. ஆசிஃப் 'மொகல்-எ-ஆஸம்' எடுத்து முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. சிறைக் காட்சியில் மதுபாலாவுக்கு நிஜ இரும்புச் சங்கிலியைப் பூட்டினார். இதயக் கோளாறு உள்ள பெண், அந்தக் கனத்தோடு நடந்தார். 1960-இல் வெளியாகி, அடுத்த வருடம் 'அக்பர்' என்று தமிழிலும் வந்து தோற்றது அந்தப் படம்.

தமிழில் என்றால் 2013-இல் 'பரதேசி'க்கு முன்னால் வந்த வீடியோவை எல்லோரும் பார்த்தோம், பாலா கழியால் நடிகர்களை அடிப்பதாக அதில் வந்தது. கண்டனம் கிளம்பியதும், அது நிஜக் கழி இல்லை, எப்படி நடிக்க வேண்டும் என்று செய்து காட்டினார் என்று படக்குழு விளக்கம் சொன்னது. சரி, விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்வோம். நான் கேட்பது, அதை வெளியிட்டது யாரோ திருட்டுத்தனமாக எடுத்தவர் இல்லையே, படத்தின் விளம்பரமாகத்தானே வந்தது? இயக்குநர் அடிப்பார் என்பது ஒரு படத்துக்குப் பெருமை என்று நாம் நினைப்போம் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்குத் தப்பவும் இல்லை, கைதட்டியவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: பெரிய இயக்குநர் ஒருவரிடம் உதவி இயக்குநராகச் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. கன்னாபின்னாவென்று திட்டுவார் என்கிறார்கள். சேரலாமா?

அவருடைய கடைசி மூன்று படங்களின் டைட்டில் கார்டை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உதவி இயக்குநர்கள் பெயர் படத்துக்குப் படம் முழுசாக மாறியிருந்தால் யோசியுங்கள். அதே பெயர்கள் இருந்தால், அல்லது அவர்கள் தனியாகப் படம் பண்ணப் போயிருந்தால், கத்தலுக்கு நடுவில் தொழிலும் சொல்லித்தருகிறார் என்று அர்த்தம். அப்புறம் சேர்ந்த முதல் வாரமே ஒன்றைக் கவனியுங்கள்: ஹீரோ இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால் அவர் யாரைத் திட்டுகிறார்? ஹீரோவையா, லைட்மேனையா? லைட்மேனை என்றால், அடுத்தது நீங்கள். சம்பளத்தைத் தேதி போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்வதே சம்பளம் என்று யாராவது ஆரம்பித்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: செய்த தப்புக்கு மன்னிப்பு கேட்ட இயக்குநர் உண்டா?

குவென்டின் டாரன்டினோ. 'கில் பில்' படத்தில், ஸ்டன்ட் ஆள் ஓட்டட்டும் என்ற உமா தர்மனை வற்புறுத்திக் காரை ஓட்டவைத்தார். நேரான சாலை, ஆபத்தில்லை என்றார். டாரன்டினோ முன்பு ஓட்டிப் பார்த்த திசைக்கு எதிர்த்திசையில் ஷாட் மாறியதில் வளைவு ஒன்று இருந்தது தெரியவில்லை. மரத்தில் மோதி கழுத்திலும் முழங்காலிலும் அடி. அந்தக் காட்சித் துண்டு தர்மன் கைக்கு வர 15 வருடம் ஆயிற்று. தேடி எடுத்துக் கொடுத்தவர் டாரன்டினோதான், வாழ்க்கையில் தான் மிகவும் வருந்துகிற விஷயங்களில் ஒன்று என்றும் சொன்னார்.

கேள்வி: கத்தாமலே நல்ல படம் எடுத்த ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்!

கிளின்ட் ஈஸ்ட்வுட். 'ஆக்‌ஷன்' என்றுகூடக் கத்த மாட்டார், 'நீங்கள் தயாரானதும் ஆரம்பிக்கலாம்' என்கிற மாதிரி மெதுவாகச் சொல்வார். கௌபாய் தொடரில் நடித்த காலத்தில், யாராவது 'ஆக்‌ஷன்' என்று கத்தினால் குதிரைகள் மிரண்டு ஓடுமாம். குதிரைக்கே அப்படி என்றால் மனிதர்களுக்கு எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டார். ஒன்றிரண்டு டேக், சாயங்காலம் நேரத்துக்கு பேக்-அப். இயக்கத்துக்கு இரண்டு ஆஸ்கர்.

கேள்வி: இயக்குநரைப் பழிவாங்கிய நடிகர்களில் உங்களுக்குப் பிடித்தவர்?

ஃபின்ச்சரின் 'ஸோடியாக்' (2007) படத்தில் ராபர்ட் டௌனி ஜூனியர். டேக் மேல் டேக் போய்க்கொண்டிருந்ததில் பாத்ரூம் போகக்கூட இடைவெளி கிடைக்கவில்லை என்று, கண்ணாடி ஜாடிகளில் சிறுநீர் கழித்து செட்டில் அங்கங்கே வைத்துவிட்டுப் போனார். ஃபின்ச்சரும் அவரும் இன்றைக்கும் அதைச் சொன்னால் சிரிப்பார்களாக இருக்கும். அந்த ஜாடிகளை எடுத்துப்போட்ட புரொடக்‌ஷன் பையனின் பேட்டிதான் எனக்கு வேண்டும்.